டெஸ்டர் எரிஞ்சா போதுமா?

செமஸ்டர் முடிந்து மூச்சு விட நேரம் கிடைத்திருப்பதால், ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து ஏதோ வீட்டு வயரிங் பாடம் என்று ஓடிவிடாதீர்கள். இது பிரேக் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பழுது பார்ப்பது என்றால் என்ன என்பது பற்றி எங்கள் குழுவில் நடந்த ஒரு சண்டை பற்றியது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளந்து பார்க்காமல் பார்ட் மாற்றுகிறவன் பழுது பார்க்கவில்லை, சீட்டுக் குலுக்கிப் போடுகிறான். ரேடியோவுக்கு அப்படிச் செய்தால் காசு போகும். பிரேக்குக்கு அப்படிச் செய்தால் காசோடு நிற்காது.

முதலில் கதை.

நான் படிப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில். இங்கே மெக்கானிக்கல் படிக்கிற பசங்க சேர்ந்து சின்னதாக ஒரு ரேஸ் கார் செய்வார்கள். அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வெளியூர் கொண்டு போக எங்களிடம் ஒரு மூடிய டிரெய்லர் இருக்கிறது. இரண்டு ஆக்சில், நாலு சக்கரம். கார், டூல் பாக்ஸ், ஜெனரேட்டர், டயர் எல்லாம் ஏற்றினால் ஏறத்தாழ 2,500 கிலோ வரும். அதை ஒரு பிக்கப் வண்டி இழுக்கும்.

நம்ம ஊரில் டிராக்டருக்குப் பின்னால் போகிற டிரெய்லரில் தனியாக பிரேக் இருந்து நான் பார்த்ததில்லை. பெரிய லாரி டிரெய்லர்களில் காற்று பிரேக் இருக்கும். ஐரோப்பாவில் சின்ன டிரெய்லர்களுக்கு, முன்னால் போகிற வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் வந்து அழுத்துகிற விசையையே வைத்து பிரேக் பிடிக்கிற ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் மின்சார பிரேக். கொலராடோ உட்படப் பல மாநிலங்களில் மொத்த எடை 3,000 பவுண்டைத் தாண்டினாலே டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம்.

இது வேலை செய்கிற விதம் ரொம்ப அழகு. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளேயும் ஒரு மின்காந்தம், அதாவது மேக்னெட், ஒரு நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் வண்டிக்குள் இருக்கிற கண்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி, நீல வயர் வழியாக மின்சாரம் அனுப்பும். மேக்னெட் சுழல்கிற டிரம்மின் உள்பக்கத் தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி, பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். சக்கரம் சுழலும் பலத்தை வைத்தே சக்கரத்தை நிறுத்துகிற வித்தை. மின்சாரம் திரும்பி வருவது வெள்ளை வயர் வழியாக. அதுதான் எர்த். நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாஷையில் பாடி எர்த்.

ஒரு எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 10 அங்குலம், 12 அங்குல டிரம்களில் இருக்கிற ஒரு மேக்னெட் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். நாலு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். அது போனால் பிரேக் பிடிக்கும். அதில் பாதிதான் போகிறது என்றால் பேருக்குத்தான் பிரேக்.

எங்கள் டிரெய்லர் போன செமஸ்டர் ஆரம்பத்திலிருந்தே சரியாக நிற்கவில்லை. பிக்கப்பை பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். குழுத் தலைவர் ஒரு இறுதியாண்டு மாணவர். நல்ல மனுஷன், கை வேலைக்காரர். "மேக்னெட் தேஞ்சு போச்சு, மாத்திடலாம்" என்றார். நாலு மேக்னெட் வாங்கி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். பழைய மேக்னெட் உண்மையிலேயே ஒரு பக்கம் தேய்ந்துதான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் அதே தள்ளல்.

"அப்படின்னா கண்ட்ரோலர்தான்." புதுசு வந்தது. மாட்டினோம். டிரெய்லரைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தால் திரையில் எண் ஏறியது. எல்லாரும் கை தட்டினோம். கல்லூரி வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று முடிவு கட்டினோம். அதுவரை செலவு கிட்டத்தட்ட 300 டாலர். குழுவின் பணம்.

நடுவில் ஒருத்தன் மீட்டர் வைத்தும் பார்த்தான். பின் சக்கரத்துப் பக்கம் மேக்னெட்டுக்குப் போகிற வயரைக் கழற்றி, அந்த நுனியில் மல்டிமீட்டரை வைத்தான். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "வயரிங் பக்கா, அதுல ஒண்ணும் இல்ல" என்றான். அந்த ஒரு வரியை நானும் நம்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் மேற்கே ஒரு டிராக்கில் கார் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். டென்வரிலிருந்து இன்டர்ஸ்டேட் 70 சாலையில் மேற்கே போனால் ராக்கி மலைத்தொடரை ஏறி ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு வருவோம். 11,000 அடிக்கு மேல் உயரம். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் என்கிற ஊர் வரை சுமார் 8 மைல் இறக்கம். 7 சதவீதச் சரிவு என்று போர்டு இருக்கும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் மண் சரிவுப் பாதைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளைப் பார்த்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. டிரெய்லர் 2,500 கிலோ. இறக்கம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், டிரெய்லரின் நிலை ஆற்றல் மட்டும் சுமார் 1.7 கோடி ஜூல். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக் தலையில். டிரெய்லர் பிரேக் தன் பங்கை வாங்கவில்லை என்றால் அதையும் சேர்த்து இழுக்கிற வண்டியின் பிரேக்தான் சுமக்க வேண்டும்.

சுமந்தது. பாதி இறக்கத்தில் வண்டிக்குள் கருகல் நாற்றம். யாரும் பேசவில்லை. தலைவர் கியரைக் குறைத்து, ஓரத்து லேனில் ஊர்ந்து, ஒரு வழியாக சில்வர்தோர்ன் வந்து ஒரு பார்க்கிங்கில் நிறுத்தினார். இறங்கியதும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இதே சாலையின் கிழக்குப் பக்க இறக்கம் முடிகிற லேக்வுட் என்ற இடத்தில், 2019 ஏப்ரல் 25 அன்று பிரேக் பிடிக்காமல் வந்த ஒரு லாரி, நெரிசலில் நின்ற வண்டிகள் மேல் மோதி 4 பேர் இறந்தார்கள். அது காற்று பிரேக் லாரி, நம்ம வயர் கதை இல்லை. ஆனால் மலை இறக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பார்க்கிங்கில்தான் சண்டை ஆரம்பித்தது. தலைவர் அடுத்து சந்தேகப்பட்டது டிரம், ஷூ. ஊரில் கடை இருக்கிறதா, நாலையும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான், "ஒரு மணி நேரம் குடுங்க, அளந்து பாத்துடறேன்" என்றேன். "அதான் ஏற்கனவே அளந்தாச்சே, 13 வோல்ட் வருதே" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஞாபகம் வந்தது. நாமெல்லாம் டெஸ்டர் வைத்து வளர்ந்தவர்கள். ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்குமே, பின்னால் விரலை வைத்தால் சின்னதாக ஆரஞ்சு விளக்கு எரியுமே, அதுதான். சின்ன வயதில் ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை. டெஸ்டர் வைத்தால் மூன்று பேஸிலும் எரிகிறது. "கரண்ட் இருக்கு, மோட்டார்தான் போச்சு, கழட்டி வைண்டிங்குக்குக் கொண்டு போகணும்" என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். ஒயர்மேன் அண்ணன் வந்தார். டெஸ்டரை எடுக்கவே இல்லை. ஒரு ஹோல்டரில் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒவ்வொரு பேஸிலும் வைத்துப் பார்த்தார். ஒரு பேஸில் பல்பு மினுக்கென்று கூட எரியவில்லை. கம்பத்தில் ஒரு ஜாயிண்ட் கருகிப் போயிருந்தது. டெஸ்டர் எரிய ஒரு துளி மின்சாரம் போதும். கருகின ஜாயிண்ட் வழியாகவும் அந்தத் துளி வந்துவிடும். மோட்டாருக்கு வேண்டியது துளி இல்லையே.

நம்ம மல்டிமீட்டரும் இந்த விஷயத்தில் டெஸ்டர்தான். வோல்ட் அளக்கும்போது அது எடுக்கிற மின்சாரம் இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. அதனால் நடுவில் எவ்வளவு துரு இருந்தாலும் முழு வோல்ட்டும் காட்டும். குழாய் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள், தண்ணீர் விரலைத் தள்ளும். விரலை எடுத்தால் நூல் மாதிரி ஒழுகும். அடைத்து வைத்துப் பார்த்தால் பைப்பில் அடைப்பு இருப்பது எப்படித் தெரியும்? மேக்னெட்டைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் 13 வோல்ட் பார்த்த நண்பன் செய்தது அதேதான்.

சரி, பார்க்கிங்கில் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, வண்டியையும் டிரெய்லரையும் பிரித்துப் பார்ப்பது. டிரெய்லரின் மூக்கில் ஒரு சின்ன பேட்டரியும், கயிறு கட்டிய ஒரு பின் செருகிய சுவிட்சும் இருக்கும். ஓடும்போது டிரெய்லர் கழன்று போனால் கயிறு பின்னைப் பிடுங்கும், அந்த பேட்டரி தானாக பிரேக்கைப் பிடிக்கும். வண்டியின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு (இது முக்கியம், செருகியபடி இழுத்தால் கண்ட்ரோலருக்கு ஆபத்து) பின்னை இழுத்தோம். பிக்கப்பை மெதுவாக முன்னால் நகர்த்தினால் டிரெய்லர் நகர மறுத்தது. நாலு சக்கரமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

இதற்கு என்ன அர்த்தம் யோசியுங்கள். மேக்னெட் நல்லா இருக்கிறது. டிரம், ஷூ நல்லா இருக்கிறது. டிரெய்லருக்கு உள்ளே போகிற வயரும் நல்லா இருக்கிறது. அந்த பேட்டரி தன் எர்த்தைச் சட்டத்தில் தனி போல்ட்டில் வைத்திருந்தது. ஆக வியாதி, வண்டிக்கும் டிரெய்லரின் சட்டத்துக்கும் நடுவில். ஐந்து நிமிஷம், ஒரு பைசா செலவில்லை, பாதிக்கு மேல் சந்தேகம் தீர்ந்தது. 300 டாலர் செலவு செய்வதற்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம்.

அடுத்தது, சுமையோடு அளப்பது. பிளக்கைத் திரும்பச் செருகி, எல்லா மேக்னெட்டும் இணைந்தபடியே, வண்டியை ஓட விட்டு, நம்ம மதுரைப் பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கண்ட்ரோலரில் கையால் தள்ளுகிற ஒரு குமிழ் இருக்கும், அதைத் தள்ளினால் டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும்.

"மச்சான், அமுக்கவா?"

"முழுசா அமுக்குடா, விடாத."

நீல வயரில் கிளாம்ப் மீட்டர். 12 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 6.5. அவ்வளவுதான் போகிறது.

அடுத்து வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடல். பிக்கப் பேட்டரியின் நெகட்டிவில் ஒரு முனை, டிரெய்லர் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் இன்னொரு முனை. இரண்டுமே எர்த். நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். எனக்குக் காட்டியது 6.9 வோல்ட். கண்ட்ரோலர் அனுப்பிய 13.4 வோல்ட்டில் பாதிக்கு மேல் எர்த் பாதையிலேயே செத்துப் போகிறது. மேக்னெட்டுக்கு மிஞ்சியது 5 வோல்ட் சொச்சம்.

டிரெய்லர் மூக்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிளக்கிலிருந்து வருகிற வெள்ளை வயர், சட்டத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் முடிந்தது. பெயிண்ட் மேலேயே திருகியிருந்தார்கள். மலைச் சாலைகளில் பனிக்காலத்தில் தெளிக்கிற உப்பு மிச்சத்தைச் செய்து முடித்திருந்தது. ஸ்க்ரூவைத் தொட்டேன், சுட்டது. 6.5 ஆம்பியர், 6.9 வோல்ட், பெருக்கினால் 45 வாட் வரும். பிரேக் பிடிக்க வேண்டிய சக்தி ஸ்க்ரூவைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூவைக் கழற்றினோம். சட்டத்தை வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தோம். ஊர்க் கடையில் 10 கேஜ் வயரும் லக்கும் வாங்கி, போல்ட், பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். ஏழெட்டு டாலர் ஆகியிருக்கும். குமிழை அமுக்கினால் 12.6 ஆம்பியர். பார்க்கிங்கில் 25 மைல் வேகத்தில் போய்க் குமிழை மட்டும் தள்ளினால், பின்னால் ஒரு யானை சங்கிலியைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றது. தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எல்லாருக்கும் பீட்சா அவர் செலவு :-)

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. ஒரு மாதமாகவே அந்த டிரெய்லரில் இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கி மங்கி எரியும். "பேய் புகுந்த டிரெய்லர்" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம். எல்லா விளக்கும் திரும்பி வருகிற ஒரே பாதை அந்த வெள்ளை வயர். அது அடைபட்டால் எல்லாம் ஒன்றோடு ஒன்று குழம்பும். டிரெய்லர் ஒரு மாதமாக நோயைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது என் கட்சி.

பார்ட் மாற்றுவது ஏன் இவ்வளவு பிடித்துப் போகிறது? மேக்னெட்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி இருக்கிறது, விலை இருக்கிறது, மாற்றினால் ஏதோ வேலை செய்த திருப்தி இருக்கிறது. எர்த் ஸ்க்ரூவுக்குப் பெட்டியும் இல்லை, பெயரும் இல்லை. குற்றவாளி என்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் மனசு எதிர்பார்க்கிறது. ஆனால் உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் தொங்குவது வயரும் ஜாயிண்ட்டும்தான். கண்ட்ரோலர் டிரைவர் காலடியில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, பச்சை விளக்கு. "மறுமுனையில் ஏதோ ஒரு சுமை இருக்கிறது" என்பதைத்தான் அது சொல்கிறது. "பிரேக் பிடிக்கும்" என்று சொல்லவில்லை. திரையில் ஏறுகிற எண்ணும் பெட்டி எவ்வளவு அனுப்பப் பார்க்கிறது என்பதுதான், சக்கரத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதல்ல. மணியார்டர் ரசீது கையில் இருப்பதால் ஊரில் பணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமா? அந்த விளக்கை நம்பித்தான் நாங்கள் ஆறு பேர் மலையேறினோம்.

மூன்றாவது, நிறத்தை நம்புவது. இங்கே ஏழு முனை பிளக்குக்கு இரண்டு விதமான நிற வழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் பச்சை வலது இண்டிகேட்டர், இன்னொன்றில் பச்சை பின்விளக்கு. வெள்ளை எர்த், நீலம் பிரேக் என்பது மட்டும் இரண்டிலும் ஒன்று. அதுவும் முந்தின சொந்தக்காரர் கையில் கிடைத்த வயரை ஒட்டாமல் இருந்தால்தான். நிறம் ஒரு யோசனை, மீட்டர்தான் சாட்சி.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் பின்னால் கேட்டார்: "நேரத்துக்கும் விலை இருக்கு. ஒவ்வொரு ஜாயிண்ட்டா அளக்கறதுக்கு மொத்த வயரிங்கையும் மாத்திடறது மேல் இல்லையா?" சில நேரம் சரிதான். வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கிறது, பத்து இடத்தில் கிளிப் போட்டு ஒட்டியிருக்கிறது என்றால் நானும் மொத்தமாக மாற்றத்தான் சொல்வேன். எல்லாக் கோளாறும் வயரிலும் இல்லை. ஷூ இடைவெளி சரியாக வைக்கவில்லை என்றாலும், டிரம்முக்குள் கிரீஸ் கசிந்திருந்தாலும் 12 ஆம்பியர் போயும் பிரேக் பிடிக்காது. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கும் அளக்கத்தானே வேண்டும்? ஆம்பியர் சரியாக இருந்தால் மெக்கானிக் பக்கம் போ, குறைந்தால் வயர் பக்கம் போ. அளவு என்பது வழி காட்டுகிற போர்டு. போர்டைப் படிக்க ஆகிற நேரத்தை வீண் என்று சொல்கிறவர் நாலு ஊர் சுற்றிவிட்டுத்தான் வீடு வருவார்.

டிரெய்லர் வைத்திருக்கிற நண்பர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக:

1. முதலில் பிரி. டிரெய்லரைத் தனியாக அதன் பேட்டரியில் சோதி. வண்டியின் சாக்கெட்டில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கட்டிச் சோதி. ஒயர்மேன் அண்ணன் குண்டு பல்பின் தம்பி அது.

2. ஆம்பியரைப் பார். இரண்டு பிரேக்குக்கு சுமார் 6, நாலுக்கு 12. நாலில் 9 காட்டினால் ஒரு மேக்னெட் வேலை செய்யவில்லை. ரொம்ப அதிகமானால் எங்கோ ஷார்ட். சாதாரண மல்டிமீட்டரில் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் எல்லை, நாலு பிரேக்கை அதில் கோர்த்தால் ஃப்யூஸ் போகலாம். கிளாம்ப் மீட்டர் என்றால் டி.சி. அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக் கரண்ட் மட்டும் அளக்கிறது இதற்கு உதவாது.

3. வோல்ட் அளப்பது என்றால் எல்லாம் இணைந்திருக்க, பிரேக் அமுக்கியிருக்க அள. கண்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்பும், பாதி அமுக்கினால் மீட்டர் கண்டபடி காட்டும். முழுசாக அமுக்கு.

4. மேக்னெட்டைக் கழற்றி ஓம் பார். 10, 12 அங்குல பிரேக்குக்கு 3 முதல் 4 ஓம் வரை இருந்தால் நல்லது.

5. விட்டு விட்டு வருகிற ஷார்ட் என்றால் ஆக்சில் குழாயைச் சந்தேகி. பல டிரெய்லர்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகிற வயர் ஆக்சில் குழாய்க்குள்ளே ஓடும். குலுங்கிக் குலுங்கித் தோல் தேய்ந்து இரும்பில் உரசும். நிற்கும்போது நல்லாயிருக்கும், ஓடும்போது படுத்தும்.

6. வயர் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போக வர 60 அடி, 12 ஆம்பியர் என்றால் 16 கேஜ் வயரிலேயே கிட்டத்தட்ட 3 வோல்ட் தொலையும். அதே தூரம் 10 கேஜில் 0.7 வோல்ட்தான்.

7. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிக் குமிழை மட்டும் தள்ளிப் பார். டிரெய்லர் இழுத்தால் கிளம்பு. இழுக்கவில்லை என்றால், பச்சை விளக்கு எரிந்தாலும், கிளம்பாதே.

ஏழாவதை மட்டும் நாங்கள் அன்றைக்குச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. வளாகத்துக்குள் ஒரு சுற்று சுற்றினோமே தவிர, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடித்துப் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்த சந்தோஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் திரும்பி வரும்போது சுரங்கத்தைத் தாண்டி டென்வர் பக்கம் நீண்ட இறக்கம். கியரைக் குறைத்து, அவசரமில்லாமல் இறங்கினோம். இந்த முறை பின்னால் யாரும் தள்ளவில்லை. மதுரைப் பையன் பின் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே வந்தான். பிரேக் சரியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல மீட்டர் எனக்குத் தெரியவில்லை.

குழுவில் இப்போது ஒரு புது விதி. எந்தப் பார்ட் வாங்கப் பணம் கேட்டாலும் அளந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்க வேண்டும். விதியைக் கொண்டு வந்தது நான் இல்லை, தலைவர்தான்.

உங்கள் வண்டியிலோ வீட்டு மோட்டாரிலோ இப்படி டெஸ்டர் எரிந்து ஏமாந்த கதை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால் இன்னும் அவசியம் சொல்லுங்கள். பிரேக் விஷயம், மரியாதைக்காக யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.